சால்வையில் டிஎன்ஏ இருந்தால் கொலைகாரன் சிக்கிவிட்டான் என்று அர்த்தமா?

1888இல் லண்டனில் பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாத ஜாக் தி ரிப்பர் யாரென்று டிஎன்ஏ வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி மறுபடியும் சுற்றுகிறது. 2014இல் சுற்றியது, 2019இல் சுற்றியது, 2025 தொடக்கத்திலும் வந்தது. ஒவ்வொரு தடவையும் கொலை நடந்த இடத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் அதே சால்வை, ஆரன் கோஸ்மின்ஸ்கி என்ற அதே ஆள். தடயவியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்பதால் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு எனக்கு அனுப்புகிறார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த முறை ஒரு சட்டக் கல்லூரி மாணவர் "கேஸ் முடிஞ்சுது மேடம்" என்று எழுதியிருந்தார். நாளைக்கு ஒருவரின் உயிருக்காகக் கோர்ட்டில் வாதாடப் போகிறவர் இப்படி நம்பினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை, லண்டனின் ஒயிட்சேப்பல் வட்டாரத்தில் மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி என்ற ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். அந்தச் சால்வை எடோஸின் உடலருகே கிடந்தது, ஏமாஸ் சிம்ப்சன் என்ற போலீஸ்காரர் அதை வீட்டுக்கு எடுத்துப்போனார் என்பது ஒரு குடும்பக் கதை. கதைதான், பதிவு கிடையாது. எடோஸ் இறந்த மைட்டர் சதுக்கம் சிட்டி போலீஸின் எல்லை. சிம்ப்சன் இருந்தது மெட்ரோபாலிட்டன் போலீஸில், அது வேறு படை. எடோஸிடம் இருந்த பொருட்களைப் போலீஸ் ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறது. தேயிலையும் சர்க்கரையும் இருந்த தகர டப்பாக்கள், ஒற்றைக் கையுறை, கந்தல் துணித் துண்டுகள் எல்லாம் அதில் உண்டு, சால்வை இல்லை. கந்தலை எண்ணி எழுதியவர் ஒரு பெரிய பட்டுச் சால்வையையா விட்டிருப்பார்?

அந்தத் துணி 2007இல் ஏலத்தில் விற்கப்படும் வரை யார் தொட்டார்கள், எங்கே இருந்தது என்பதற்கு முழுமையான எழுத்து ஆதாரம் இல்லை. எங்கள் ஆய்வகத்துக்கு வரும் பார்சலில் உள்ள சீல், கடிதத்தோடு வரும் மாதிரி சீலோடு ஒத்துப்போகாவிட்டால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவோம். மகஜர், அதாவது எங்கே எப்படிக் கைப்பற்றினார்கள் என்ற பதிவு, இல்லாத துணியில் என்ன கிடைத்தாலும் அது எந்த இடத்தின் தடயம் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, துணி உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது "டிஎன்ஏ மேட்ச் ஆகிவிட்டது" என்ற வாக்கியம். சால்வையில் பார்த்தது மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ. அதை எடோஸ், கோஸ்மின்ஸ்கி இருவரின் உறவு வழியில் இப்போது இருப்பவர்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டார்கள். இந்த வகை டிஎன்ஏ அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது. உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும், பெரியம்மா பிள்ளைகளுக்கும், அம்மாவழிக் கொள்ளுப்பாட்டியின் அக்காவுடைய பெண்வழியில் வந்த, நீங்கள் பார்த்தே இராதவர்களுக்கும் பொதுவாக அது ஒன்றுதான். ரத்த உறவே தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அதே வரிசை இருக்கலாம். இடித்துவிட்டு ஓடிய காரின் நம்பரில் 'டிஎன் 07' மட்டும் தெரிந்த மாதிரிதான் இது. கேரளா வண்டிகளை விலக்கலாம், அவ்வளவுதான். விலக்குவதற்குத்தான் இந்த டிஎன்ஏ உதவும், ஒரே ஆள் என்று கைகாட்ட உதவாது. ஒத்துப்போகாவிட்டால் அது பெரிய செய்தி, ஒத்துப்போனால் மிகச் சின்னச் செய்தி.

2014இல் எடோஸோடு பொருந்தியதாகச் சொன்ன டிஎன்ஏ மாற்றம் 290,000 பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும் என்றார்கள். அந்த மாற்றம் டிஎன்ஏ வரிசையில் எந்த இடத்தில் என்று காட்டும் எண்ணையே தவறாக எழுதியிருந்தார்கள். 314.1சி என்று எழுதியது உண்மையில் 315.1சி, ஐரோப்பிய வம்சாவளியினரில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இருப்பது. மரபணு வல்லுநர்கள் அப்போதே இதைச் சுட்டிக்காட்டினார்கள். 2019 ஆய்வுக் கட்டுரையிலோ டிஎன்ஏ வரிசையை வெளியிடாமல் வண்ணக் கட்டங்களாகப் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் சரிபார்க்க முடியாத முடிவை எந்தக் குறுக்கு விசாரணையிலும் காப்பாற்ற முடியாது.

குற்றம்சாட்டப்படும் ஆரன் கோஸ்மின்ஸ்கி போலந்திலிருந்து வந்த யூத முடிதிருத்துபவர். லண்டன் போலீஸ் உயரதிகாரி மெல்வில் மெக்நாட்டன் 1894இல் எழுதிய குறிப்பில் சந்தேகத்துக்குரியவர்களாகக் கோஸ்மின்ஸ்கி, ட்ரூயிட், ஆஸ்ட்ராக் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. மெக்நாட்டன் போலீஸில் சேர்ந்ததே 1889இல். ட்ரூயிட்டை டாக்டர் என்று எழுதினார். ட்ரூயிட் உண்மையில் வழக்கறிஞர், பள்ளி ஆசிரியரும்கூட. ஆஸ்ட்ராக் கொலைகள் நடந்த சமயத்தில் பிரான்ஸில் சிறையில் இருந்தது பின்னால் தெரியவந்தது. மூன்றில் ஒன்று முழுத் தவறு, இன்னொன்றில் அடிப்படை விவரமே தவறு என்றால், மூன்றாவதை எப்படி அப்படியே எடுத்துக்கொள்வது? தலைமை இன்ஸ்பெக்டர் ஸ்வான்சன் ஒரு புத்தகத்தில் எழுதிவைத்த பென்சில் குறிப்பும் கோஸ்மின்ஸ்கி பெயரைச் சொல்கிறது, அதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன், விசாரணையின் நடுவில் இருந்தவர் அவர். ஆனால் மனநலக் காப்பகம் போன கொஞ்ச நாளில் கோஸ்மின்ஸ்கி இறந்துவிட்டதாக எழுதுகிறார். ஆரன் 1891இல் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு 1919 வரை உயிரோடு இருந்தார். அக்காவைக் கத்தி காட்டி மிரட்டினார் என்று ஒருவர் சொன்னதும் பதிவில் இருக்கிறது, மற்றவர்களுக்கு ஆபத்தில்லாதவர் என்று சேர்க்கும்போது எழுதியதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

பெயர் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வழக்கிலேயே உதாரணம் உண்டு. 'தோல் ஏப்ரன்' என்ற பட்டப்பெயரோடு கொலைகாரன் என்று ஊரே பேசிய யூதரான ஜான் பைசரைச் செப்டம்பர் 10இல் கைது செய்தார்கள், அவர் வேறிடத்தில் இருந்தது நிரூபணமாகி விட்டுவிட்டார்கள். அதற்குள் அந்த வட்டார யூதர்கள் எல்லோர் மேலும் கோபம் திரும்பியிருந்தது.

அதனால் இனி இந்த மாதிரிச் செய்தி வந்தால் முதலில் பொருள் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், டிஎன்ஏ பகுதிக்கு அப்புறம் போங்கள். எந்த வகை டிஎன்ஏ, யார் யார் தொட்டார்கள், ஒப்பிட மாதிரி கொடுத்தவர்கள் அந்தப் பொருளின் பக்கத்தில் போனார்களா, தரவு வெளியே இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியே எங்களுக்காக இன்னொன்று: உங்கள் வீட்டில், தெருவில் ஏதாவது நடந்தால் ரத்தம் பட்ட துணியைத் தொடாதீர்கள், துவைக்காதீர்கள், பிளாஸ்டிக் கவரில் திணிக்காதீர்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தடயமே போய்விடும். போலீஸ் வந்து எடுக்கட்டும்.

கோஸ்மின்ஸ்கி மேல் வழக்கே போடவில்லை, பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பும் கிடைக்கவில்லை. அவர் பெயருக்கு முன்னால் 'கொலைகாரன்' என்று போடாதீர்கள், 'சந்தேகிக்கப்பட்டவர்' போதும். அப்புறம், அந்தப் பெண்களின் பிணவறைப் படங்களைச் செய்தியோடு சேர்த்து அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.