வெளிநாட்டு நிதியில் வந்த குளம்: கடைமடைக்காரரிடம் கேட்டார்களா?

நாங்குநேரிப் பக்கம் வெளிநாட்டு நிதியில் சீரமைத்த ஒரு குளத்தால் பலன் கிடைத்ததா என்று சர்வே எடுக்கப் போனால் முதலில் நம்மைக் கூட்டிப்போவது குளத்தை ஒட்டிய தலைமடைக்குத்தான். புதுக் கலுங்கு, பெயிண்ட் அடித்த ஷட்டர், திட்டத்தின் பெயர் எழுதிய பலகை எல்லாம் போட்டோவுக்கு அம்சமாக இருக்கும். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரரை நாம்தான் தேடிப் போக வேண்டும். தை மாதக் கடைசியில் பிசான நெற்பயிர் பால் பிடிக்கும்போது அவர் வயலுக்குத் தண்ணீர் எட்டியதா என்பதுதான் என் தொழிலில் முக்கியமான கேள்வி.

பணம் கொடுக்கும் நாடுகளிடமும் இந்தக் கேள்வி உண்டு. 1991-ல், பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு உதவித் திட்டங்களை மதிப்பிட ஐந்து அளவுகோல் வைத்தது: தேவைக்குப் பொருந்தியதா, நினைத்தது நடந்ததா, செலவுக்கேற்ற வேலையா, விளைவு என்ன, நீடிக்குமா. மற்ற திட்டங்களோடு ஒத்துப்போகிறதா என்ற ஆறாவது 2019-ல் சேர்ந்தது. இதில் ‘நீடிக்குமா’ என்பதைத் திட்டம் முடிந்த கையோடு போய்க் கேட்டால் ஆரூடம்தான் சொல்ல முடியும்.

உலக வங்கியில் திட்டம் முடிந்த ஆறு மாதத்துக்குள் நிறைவு அறிக்கை வந்துவிட வேண்டும். எழுதுவதும் திட்டத்தைக் கவனித்த பிரிவுதான். பிறகு தனி மதிப்பீட்டுக் குழு அதைச் சரிபார்த்து ஆறு படிகளில் ஒரு தரம் போடும். அந்தக் குழு நேராக இயக்குநர் வாரியத்துக்கே பதில் சொல்கிறது, அதனால் மழுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பெரும்பாலான திட்டங்களைக் காகிதத்தில்தான் பார்க்கிறது, சிலவற்றுக்கே களத்துக்குப் போகிறது. ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா, திட்டம் முடிந்து மூன்று ஆண்டுக்குள் திரும்பப் போய்ப் பார்க்கிறது. தொகை 100 கோடி யென்னைத் தாண்டினால் வெளியாள்தான் மதிப்பிட வேண்டும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். ஷட்டர் திருகு துருப்பிடிக்கவும், கைப்பிடி காணாமல் போகவும், நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் கூட்டம் போடாமல் விடவும் மூன்று வருடம் போதும்.

இன்னொரு சிக்கல் நம் பக்கம் இருக்கிறது. “தம்பி, கொறை சொன்னா அடுத்த தடவ பணம் வராம போயிரும்லா?” என்று பெரியவர்கள் தயங்குவார்கள். தயக்கம் நியாயம்தான். ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள். 2016-ல் சட்டம் போட்டு வெளிநாட்டு உதவிக்கு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய நாடு, 2025-ல் அந்த உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் அமைப்பையே மூடிவிட்டது. யாரோ ஒரு விவசாயி குறை சொன்னதால் அது நடக்கவில்லை, அது அரசியல் முடிவு. குறையைச் சொல்லாவிட்டால் அடுத்த குளத்திலும் அதே ஷட்டரைத்தான் மாட்டுவார்கள்.

உதவி கொடுத்ததால் நாடுகளுக்குள் நட்பு வளர்ந்ததா என்ற ராஜதந்திரக் கணக்கு இதைவிடச் சிரமம். இலங்கையில் நம் அரசு 50,000 வீடுகளுக்கு நிதி கொடுத்தது. வீட்டையும் குடியேறிய குடும்பத்தையும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அதனால் கொழும்பு டெல்லிக்கு எவ்வளவு நெருங்கியது என்று எந்தப் படிவத்தில் எழுதுவது? நடுவில் தேர்தல், கடன் நெருக்கடி, சீனா என்று எத்தனையோ வந்துவிட்டன.

சரி, உங்கள் ஊருக்கு யாராவது படிவத்தோடு வந்தால், அனுப்பியது யார், திட்டத்தை நடத்தியவர்களா வெளியாளா என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறைந்து கிடக்கும்போது வந்தால், தையில் இன்னொரு தடவை வரச் சொல்லுங்கள். உலக வங்கியும் ஜைக்காவும் அறிக்கைகளை இணையத்தில் போடுகின்றன. திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஊரில் காலேஜ் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துத் தண்ணீர் பாயும் பரப்பு பற்றிய பக்கத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.