மலை ரோட்டுக்கு எந்த டயர்?

போன மாதம் பொகவந்தலாவையிலிருந்து மச்சான் கோல் எடுத்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார். பள்ளிக்கூடம் இருப்பது மேல் டிவிஷனில். கடைசி நாலு கிலோமீட்டருக்குத் தார் கிடையாது. துரைமார் காலத்தில் பதித்த கருங்கல்லும், அதற்கு மேல் ஒவ்வொரு மழைக்கும் வந்து படியும் சேறும்தான் ரோடு. வைத்திருப்பது ஹொண்டா வெசல்.

"மச்சான், நம்ம வண்டிக்கு 215/60 ஆர்16 தானே? கடையில 235/70ல ஏ.டி. டயர் இருக்கு, அதான் தார், கல், சேறு எல்லாத்துக்கும் போடுற ஓல்-டெரெய்ன். போட்டா ஜீப் மாதிரி நிக்கும்ங்கிறாங்க. எடுக்கவா?"

"எடுத்திராத. மொதல்ல கணக்குப் பாப்போம்."

கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே வரும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 60 சதவீதம். அதாவது 129 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என மூன்று அளவைகளைக் கலந்து எழுதியவர்கள் யாரோ, நம் ஊர்ச் சந்தையில் இறாத்தலையும் கிலோவையும் கலந்து பேரம் பேசுகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

மொத்த உயரம் வேண்டுமென்றால் பக்கச்சுவரை மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு முறை கூட்டி, ரிம்மையும் சேர்க்க வேண்டும். 129, 129, அப்புறம் 16 அங்குலத்துக்கு 406. மொத்தம் 664 மில்லிமீட்டர். கடைக்காரர் காட்டிய 235/70 ஆர்16 இதே கணக்கில் 735 வருகிறது. கிட்டத்தட்ட 11 சதவீதம் பெரிது. இந்த 11 சதவீதத்துக்கு மலையில் என்ன விலை என்பதுதான் விஷயம்.

ஏற்றத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்து 1500 கிலோ எடையுள்ள வண்டி, நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ரோட்டில் ஏறுகிறது என்று வையுங்கள். வண்டியைக் கயிற்றில் கட்டி, ஏறக்குறைய 150 கிலோ பலத்தோடு பின்னாலிருந்து ஒருவர் இழுத்துக்கொண்டே வருவதற்குச் சமம் அது. இந்த இழுவையை வெல்ல வேண்டிய விசை, டயர் தரையைத் தொடும் இடத்தில்தான் பிறக்கிறது. எஞ்சின் தருவதோ முறுக்கு, அதாவது அச்சைத் திருப்பும் பலம். முறுக்கைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் விசை. ஆரம் 11 சதவீதம் கூடினால், அதே கியரில், அதே எஞ்சினிடமிருந்து கிடைக்கும் விசை 10 சதவீதம் குறையும். உரல் குழவியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவதற்கும், நடுவோடு ஒட்டிப் பிடித்துச் சுற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். சக்கரத்தில் கதை தலைகீழ்: இங்கே எஞ்சின் பிடித்திருப்பது நடுவை. விளிம்பு தூரப்போகப் போக அதற்குத்தான் கஷ்டம்.

கொழும்பில் ஓடும் வண்டிக்கு இந்த 10 சதவீதம் பெரிதாகத் தெரியாது. நமக்கு மலை வசூலிக்கும் இன்னொரு வரி இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின், உறிஞ்சும் காற்றுக்கு ஏற்பத்தான் பெற்றோலை எரிக்கும். ஆகவே வலுவும் ஏறத்தாழ அதே அளவு குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே மூச்சு வாங்குகிற எஞ்சினின் தலையில் பெரிய டயரையும் கட்டினால் என்ன நடக்கும்? இரண்டாம் கியரில் ஏறிய வளைவுக்கு முதல் கியர் கேட்கும். இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி உள்ள வண்டி என்றால், மெதுவாக ஊர்ந்து ஏறும்போது கிளட்ச் வழுக்குவதும் சூடாவதும் கூடும்.

ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். எனக்கு இறக்கம்தான் பயம். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் 1300 மீட்டருக்கு மேல் கீழே வருகிறோம். 1500 கிலோ வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி, சுமார் 60 லீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அது எங்காவது போயாக வேண்டும். ஒரு பகுதியைக் காற்றும் ரோடும் வாங்கிக்கொள்ளும். மீதியை பிரேக் தட்டுகள் வெப்பமாக வாங்கும், அல்லது தாழ்ந்த கியரில் எஞ்சின் பிடித்து நிறுத்தும். ஹைபிரிட் வண்டியின் பெட்டரியும் கொஞ்சம் வாங்கும். ஆனால் அது சிறியது, இறக்கம் முடியும் முன்பே நிரம்பிவிடும். எஞ்சின் பிடிக்கும் அந்தப் பிடியும் ஆரத்தால் வகுபடுவதுதான். பெரிய டயர் போட்டவர் ஏறும்போது இழக்கும் அதே 10 சதவீதத்தை இறங்கும்போதும் இழக்கிறார். அந்தப் பாக்கி பிரேக்கின் தலையில் விழுகிறது.

வேகம் காட்டும் மீட்டர் விஷயம் சின்னது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும்; மீட்டருக்கு அது தெரியாது. 735 டயரில் உண்மையாக 60ல் போனால் 54 என்று காட்டும். கம்பனிகள் வழக்கமாக மீட்டரைச் சற்றுக் கூட்டியே காட்டும்படி வைப்பதால், இரண்டு மூன்று சதவீத மாற்றத்தை அது விழுங்கிவிடும். பத்தைத் தாண்டினால் விழுங்காது.

இனி உரசல். இதில் எனக்கே சூடு பட்ட அனுபவம் உண்டு. பல வருடத்துக்கு முன், என் பழைய வண்டிக்கு ஒரு கடையில் கொஞ்சம் பெரிய டயராகப் போட்டேன். நேராக நிறுத்தி, விரலை விட்டுப் பார்த்து, "இடம் தாராளமா இருக்கு சேர்" என்றார்கள். இருந்தது. கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகிற ரோட்டில் பதினெட்டு வளைவு வருமே, அதில் மூன்றாவது வளைவிலேயே 'கர்ர்' என்று மட்காட்டுக்குள் சத்தம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, பின்சீட்டில் மூன்று பேரின் எடையும் சேர்ந்து ஸ்பிரிங் அமுங்கும்போதுதான் டயருக்கு உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். கடை வாசலில் அந்த மூன்றில் ஒன்றும் நடப்பதில்லை. மிச்சம் பதினைந்து வளைவையும் அந்தச் சத்தத்தோடுதான் இறங்கினேன். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் மோசம்.

அப்படியானால் கல் ரோட்டுக்கு என்ன வழி? என் கட்சி இதுதான்: டயரை வெளியே பெரிதாக்குவதைவிட ரிம்மை உள்ளே சிறிதாக்குவது மேல்.

கல்லில் டயருக்கு எங்கே அடி விழுகிறது என்று பாருங்கள். கூரான கல்லின் மீதோ குழியின் விளிம்பிலோ சக்கரம் ஏறும்போது, கல் டயரை ரிம் வரை அமுக்கப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கினால் உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துவிடும். மறுநாள் பார்த்தால் பக்கத்தில் கொழுக்கட்டை மாதிரி ஒரு வீக்கம். அதை ஒட்டவும் முடியாது, நம்பி ஓடவும் முடியாது. பக்கச்சுவர் எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரம் அது அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். வெசலிலேயே 17 அங்குல ரிம்மோடு வருவதற்கு 215/55 டயர். பக்கச்சுவர் 118 மில்லிமீட்டர். 18 அங்குலத்தில் 225/50. அது 112 மில்லிமீட்டர்தான். பளபளப்பான பெரிய அலோய் ரிம் வாங்குகிறவர் காசு கொடுத்து மெத்தையைக் குறைத்துக்கொள்கிறார். அதற்குப் பதில் 16 அங்குல ரிம்மில் 215/65 போட்டால் பக்கச்சுவர் 140 மில்லிமீட்டர். மொத்த உயரம் 686. மச்சானின் 664ஐ விட மூன்று சதவீதம்தான் கூட. சுசுகி ஜிம்னிக்குக் கம்பனியே கொடுக்கும் டயர் 195/80 ஆர்15 என்பதைக் கவனியுங்கள். ஒடுக்கமான டயர், சின்ன ரிம், 156 மில்லிமீட்டர் பக்கச்சுவர். காடு மேடு ஏறுவதற்கென்றே செய்த வண்டிக்கு அவர்கள் போட்டது அது.

ரிம்மைச் சிறிதாக்கவும் ஓர் எல்லை உண்டு. பிரேக் தட்டைக் கவ்வும் கலிப்பரில் இடிக்காமல் ரிம் சுற்ற வேண்டும். உங்கள் மொடலுக்குக் கம்பனி விற்ற மிகச் சிறிய ரிம் அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

"அகலம் கூடினா கிரிப் கூடும்தானே?" என்று மச்சான் கேட்டான். எல்லாரும் கேட்பதுதான். வண்டியைத் தூக்கி நிற்பது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. ஒரு சக்கரத்தின் மீது 375 கிலோ, காற்றழுத்தம் 32 என்றால், தரையில் படியும் பரப்பு சுமார் 165 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு விரித்து வைத்த ஒரு கை அளவு. டயரை அகலமாக்கினாலும் எடையும் அழுத்தமும் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும்: அகலமான டயரில் குறுக்கே நீண்டும் முன்பின்னாகக் குறுகியும் இருக்கும். நம் தோட்ட ரோட்டில் மேலே வழுக்கும் களிமண், அடியில் கெட்டியான கல். ஒடுக்கமான டயர் சேற்றைக் கிழித்துக் கல்லைப் போய்ப் பிடிக்கும். அகலமானது சேற்றின் மேல் மிதக்கப் பார்க்கும். கடற்கரை மணலில் மிதப்பது நல்லது. ஒரு பக்கம் வடிகானும் மறுபக்கம் பள்ளமும் இருக்கிற ரோட்டில் மிதப்பது நல்லதில்லை.

ஏ.டி. டயரின் முகத்தில் ரப்பர் கட்டை கட்டையாகப் பிரிந்து, நடுவில் ஆழமான காடிகள் ஓடும். கட்டைகளின் விளிம்பு கல்லைப் பற்றும். காடி சேற்றை வாங்கி, சக்கரம் சுற்றும் வேகத்தில் வெளியே வீசும். அந்த வீச்சு நின்றால், காடி நிரம்பி, ஏ.டி. டயரும் மொட்டை டயரும் ஒன்றுதான். ஆனால் மச்சானின் வண்டி நாளில் பெரும்பகுதி ஓடுவது நனைந்த தார் ரோட்டில். வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். காடி அதிகமானால் தாரில் படியும் ரப்பர் குறையும். கல்லில் பிய்ந்து போகாமலிருக்கச் சேர்க்கும் கெட்டியான ரப்பர் கலவை, ஈரத் தாரில் சாதாரண டயர் அளவுக்கு ஒட்டாது. பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும்.

மழை என்றதும் தண்ணீரில் டயர் மிதந்துவிடுமோ என்ற பயம் வரும். விமான டயர்களை ஆராய்ந்து கண்ட ஒரு பழைய சூத்திரம், 32 அழுத்தத்தில் அது நடக்க மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்கிறது. டயர் தேய்ந்திருந்தால் அதற்கும் குறைந்த வேகம் போதும். இருந்தாலும் கினிகத்தேனை வளைவுகளில் அந்த வேகம் யாருக்கும் வராது, பஸ்காரர்களைத் தவிர. நமக்கு ஆபத்து பாசியும் சேறும் கலந்த மெல்லிய ஈரப் படலம். அதை வெட்டுவது பெரிய காடி இல்லை. கட்டைகளின் மேல் கத்தியால் கீறியதுபோல் ஓடும் மெல்லிய கீறல்கள். அதனால் டயரைக் கையில் எடுத்து, அந்தக் கீறல்கள் நிறைய இருக்கிறதா என்று பாருங்கள். பார்வைக்கு முரட்டுத்தனம் குறைந்த ஏ.டி. டயர்தான் மலைக்குப் பொருத்தம் என்பேன்.

அளவுக்குப் பக்கத்திலேயே 95எச் போல ஒரு குறி இருக்கும். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 98 என்றால் 750. எச் என்பது 210 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும் என்ற அடையாளம். நமக்கு அது அலங்காரம். கம்பனி சொன்ன எடை எண்ணுக்குக் கீழே போகாமல் இருந்தால் சரி. எல்.டி. என்று தொடங்கும் லொறி வகை டயர் வேண்டாம். அது கனம், பக்கச்சுவர் விறைப்பு. சின்ன வண்டியின் எடைக்கு அது வளைந்தே கொடுக்காது, முதுகுதான் வளையும். இன்னொன்று, தயாரித்த நாள். நான்கு இலக்கத்தில் 3522 என்று இருந்தால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பளபளவென்று துடைத்து வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயது போகும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் இரண்டை மட்டும் மாற்றாதீர்கள். 664 டயர் ஒரு கிலோமீட்டருக்கு 479 தடவை சுற்றும். 686 டயர் 464 தடவை. முன்னுக்கும் பின்னுக்கும் கிலோமீட்டருக்குப் பதினைந்து சுற்று வித்தியாசம், ஓடுகிற காலமெல்லாம். நடுவில் இருக்கும் இணைப்பு அந்தச் சண்டையைத் தீர்த்துத் தீர்த்தே சூடாகிப் போகும்.

காற்று விஷயத்தில் ஒரு வேடிக்கை. கொழும்பில் 32 அடித்துக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறினால் அளவு என்ன காட்டும்? மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அளவுமானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் என்பதால் 3 கூட வேண்டும். ஆனால் 30 பாகையிலிருந்து 15 பாகைக்கு வந்த குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் 2க்கும் சற்று மேல் இறங்கிவிடுகிறது. டயர் ஆறியபின் அளந்தால் மறுபடி ஏறக்குறைய 32தான். உயரம் கொடுத்ததைக் குளிர் வாங்கிக்கொள்கிறது. ஆகவே மேலே போனதும் "காத்துக் கூடியிருக்கும், இறக்குங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அளந்து பாருங்கள்.

மச்சான் கடைசியில் 215/65 ஆர்16, எடை எண் 98, கீறல் நிறைந்த ஏ.டி. டயர் நான்கு எடுத்தான். வண்டியின் வயிறு உயர்ந்தது வெறும் 11 மில்லிமீட்டர். விட்டத்தில் கூடியதில் பாதிதானே அச்சுக்குக் கீழே வரும். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஜீப் மாதிரி நிற்கவில்லையாம். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு திட்டில் ஏறி இறங்கிப் பார்த்தோம். எங்கேயும் உரசவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கோல்.

"மச்சான், கிலோமீட்டர் கல்லை வச்சு எண்ணிப் பாத்தேன். 31 கிலோமீட்டர் ஓடினா மீட்டர்ல 30தான் ஏறுது."

"சரியாத்தான் இருக்கு. மூணு சதவீதம்."

"அப்ப வண்டிய விக்கிற நேரம் ஓட்டம் குறைவாத்தானே காட்டும்?" என்றான் வாத்தியார்.