நுண்துகள் சரி, நுண்தூசி எதற்கு?

காரைக்குடிப் பக்கம் எங்கே சுற்றுச்சூழல் கூட்டம் போட்டாலும் பேனரில் ‘நுண்தூசி’. பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் அதே நுண்தூசி. காற்று மாசில் மிகச் சிறிய துகளான பிஎம் 2.5க்குத் தமிழாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆங்கிலத்தில் அது ‘பார்ட்டிகுலேட் மேட்டர்’. சிறு கூறு என்று பொருள்படும் ‘பார்ட்டிகுலா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அவ்வளவுதான் பூர்வீகம். 2.5 என்பது அதிகபட்ச விட்டம், மைக்ரோமீட்டரில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70. பிஎம் 10 என்றால் 10 வரை உள்ள எல்லாமே, 2.5ம் அதற்குள் அடக்கம்.

தூசி என்றால் நமக்கு என்ன? படிவது, பெருக்குவது, தண்ணீர் தெளித்தால் அடங்குவது. ஆத்தங்குடி டைல் பட்டறையில் காலி சிமெண்ட் சாக்கை உதறினால் எழுவது தூசி. பத்து மணி வெயில் வீட்டின் நடுமுற்றமான வளவுக்குள் சாய்ந்து விழும்போது அந்த ஒளிக்கற்றையில் மினுமினுவென்று மிதக்கிறதே, அதுவும் தூசி. தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் 2.5ஐவிடப் பெரியது.

பிஎம் 2.5 வருவது பெரும்பாலும் அதே வீட்டின் இரண்டாங்கட்டு அடுப்படியிலிருந்து, விறகடுப்புக்கு மேலே நீலம் பாரித்து எழும் மெல்லிய புகையில். சீமைக்கருவேலங்கட்டையைப் போட்டு மூடும் கரிமூட்டம், செங்கல் காளவாசல், டீசல் வண்டி, குப்பைமேட்டுத் தீ, எல்லாம் இதே வகை. இன்னொரு பங்கு காற்றிலேயே உருவாகிறது: அனல்மின் நிலையத்தின் சல்பர் டை ஆக்சைடும் வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடும் வேதிமாற்றமடைந்து சல்பேட், நைட்ரேட் துகள்களாகின்றன. அது நாள்கணக்கில் மிதக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். திரவத் துளிகளும் இந்தக் கணக்கில் சேரும். துளியைத் தூசி என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

பெயர் தப்பினால் பரிகாரமும் தப்பும். ஒரு கூட்டத்தில் நுண்தூசிக்கு மருந்தாக வாசல் தெளிக்கச் சொன்னார்கள். “தூசிதானே தம்பி, நாங்க விடியமுன்னயே தெளிச்சிருவோமே” என்றார் ஒரு ஆச்சி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் வீட்டு அடுப்படியில் புகை போக வழி இருக்கிறதா என்று மேடையிலிருந்த ஒருவரும் கேட்கவில்லை. பெரிய துகளில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிவிடும். இதுவோ நுரையீரலின் காற்றறைவரை போகும், அதிலும் மிகச் சிறியது ரத்தத்தில் கலக்கும். மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் அடைப்பு நோய், கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த குழந்தை. 2013ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. தூசி என்று சொன்னால் தும்மல்தான் நினைவுக்கு வரும். (தூசி சாது என்று சொல்லவில்லை. கல்குவாரிக்காரர்களைக் கேளுங்கள், கல்தூசியால் நுரையீரல் கெடும் சிலிகோசிஸ் என்றால் என்னவென்று சொல்வார்கள்.)

“துகளும் தூசியும் ஒன்றுதானே, அகராதியைப் பாரும்” என்று ஒரு தனித்தமிழ் நண்பர் மடக்குவார். பார்த்தாயிற்று. துகளுக்குப் புழுதி என்றும் குற்றம் என்றும் பொருள் உண்டு. மாசும் அப்படித்தான், ‘மனத்துக்கண் மாசிலன்’ என்ற குறளில் நுரையீரல் சங்கதி எதுவும் இல்லை. பழைய நூல்களில் தூசிக்குப் படையின் முன்னணி என்றும் பொருள். அதற்காக இன்று ராணுவச் செய்தியில் போடுவோமா? அறிவியல் பாடநூல்கள் வந்தபின் துகள் என்றால் மிகச் சிறிய கூறு, அது எதனால் ஆனதாக இருந்தாலும் சரி. நமக்கு வேண்டியதும் அதுதான்.

புணர்ச்சி விதிப்படி ‘நுண்டுகள்’ என்றுதான் எழுத வேண்டும் என்று இன்னொருவர். நண்டுகள் என்று படிப்பார்கள், ஐயா. அதே விதியில் நுண்தூசி ‘நுண்டூசி’ ஆகும், ஊசி போட வந்த மாதிரி. புணர்க்காமலே எழுதுவோம், தொல்காப்பியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

‘துகள் பொருள்’ என்பது மேட்டரைக் கண்டதும் பொருளை ஒட்டவைத்த மொழிபெயர்ப்பு. பொருளில்லாத துகள் ஏது? ‘துகள் விஷயம்’கூட வந்துவிட்டது. ‘ஃபைன்’ என்பதைப் பார்த்து ‘நேர்த்தியான துகள்கள்’ என்று எழுதியவரும் உண்டு. நெஞ்சை அடைப்பதில் என்ன நேர்த்தியோ! வெறும் ‘பிஎம்’ என்று போட்டாலும் தொல்லைதான், பிரதமர் உயர்ந்துவிட்டார் என்று தலைப்பைப் படிப்பார்கள்.

‘நுண்துகள் 2.5’ என்று எழுதுங்கள். 10க்கு ‘துகள் 10’ போதும். அப்புறம், அளவு சொன்னால் அலகையும் சொல்லுங்கள். ‘60ஐத் தாண்டியது’ என்றால் அறுபது என்ன, சதவீதமா? ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி. இந்தியா 2009ல் வைத்த வரம்பு அது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது 15.