பால்கனி எத்தனை அடி? பத்திரத்துக்கு முன்பே கேளுங்கள்

மடிப்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பிரோஷரில் பார்த்தது ஐந்தடி அகல பால்கனி. இரண்டு பிரம்பு நாற்காலி, நடுவில் டீபாய் எல்லாம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கைக்கு வந்தது மூன்றேகால் அடி. ஏசியின் வெளி யூனிட்டை வைத்த பிறகு துணி ஸ்டாண்டை முழுசாக விரிக்க முடியவில்லை. ஈரப் புடவையை நாலாக மடித்துத்தான் காயப்போடுகிறார்.

வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் 2016 ரெரா சட்டப்படி கார்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பில், பால்கனி சேராது. அதன் பரப்பைத் தனியாகக் காட்ட வேண்டும். ஆனால் பில்டர் விலை பேசுவது சூப்பர் பில்ட்-அப் கணக்கில். லிஃப்ட், படிக்கட்டு, பால்கனி எல்லாம் ஒரே எண்ணில் கரைந்துவிடும். பத்தடி நீள பால்கனியில் அகலம் ஒன்றேமுக்கால் அடி குறைந்தால் பதினேழரை சதுர அடி போச்சு. சதுர அடி 8,000 ரூபாய் என்றால் 1,40,000 ரூபாய்.

அதனால் அனுமதி பெற்ற பிளானைக் கேளுங்கள். அதைப் பார்ப்பது உங்கள் உரிமை. பால்கனியின் நீள அகலத்தை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். பிரோஷரைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவு.

அக்கா ஓர் அலுவலகத்துக்குப் போனார். "பிளான் நாங்க கொடுக்கலம்மா" என்றார்கள். அடுத்த இடத்தில், "இது சிவில் மேட்டர்." மூன்று மாதம் இப்படியே ஓடியது. இந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம். ரெராவில் பதிவான கட்டடம் என்றால் நேராகத் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுங்கள்.

இதில் பலர் மாட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. நிலம் 500 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் இரண்டேகால் கிரவுண்டுக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் இல்லாவிட்டாலோ ரெரா பதிவு கட்டாயமில்லை. பழைய வீட்டை இடித்து நாலு ஃபிளாட் கட்டுவது சென்னையில் தெருவுக்குத் தெரு நடக்கிறது. அப்படி வாங்கியவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். "பார்க்கலாம் சார், பேசிக்கலாம்" என்று பில்டர் நாளை இழுக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

சாவி வாங்கும் நாளில் டேப்பை எடுத்துப் போங்கள். "எல்லாம் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அக்கா அதில்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அளந்து பார்த்து, குறைந்த அளவை அந்தத் தாளிலேயே எழுதிவிட்டு அப்புறம் போடுங்கள்.