திரையில் 100, கையில் 107

"சார், திரையில 100னுதானே காட்டிச்சு? எனக்கு மட்டும் எப்படி 107.30 ஆச்சு?"

பங்குத் தரகு வேலையில் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. இந்த முறை கேட்ட வாடிக்கையாளர், அதிகம் கைமாறாத ஒரு பங்கில் 500 பங்குகளுக்கு மார்க்கெட் ஆர்டர், அதாவது 'கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கு' என்ற ஆர்டர், போட்டிருந்தார்.

திரையில் பெரிதாகத் தெரிவது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அது இரண்டு நொடிக்கு முன்பும் நடந்திருக்கலாம், அரை மணி நேரத்துக்கு முன்பும் நடந்திருக்கலாம். இப்போது அந்த விலைக்குத் தர ஆள் இருக்கிறாரா என்பது வேறு கதை. அதைச் சொல்பவை பிட், ஆஸ்க் என்ற இரண்டு பத்திகள்.

இதில் தமிழருக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. ஆஸ்க் என்பதைக் 'கேட்கும் விலை' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். "என்ன விலைக்குக் கேட்டாங்க?" என்றால் நம் பேச்சில் அது வாங்க வந்தவர் கேட்பது. அது பிட். விற்பவர் 'சொல்லும்' விலைதான் ஆஸ்க். நாம் வாங்கும்போது சொன்ன விலையைக் கொடுக்கிறோம், விற்கும்போது கேட்ட விலைக்குக் கொடுக்கிறோம். இடையில் உள்ள வித்தியாசம் ஸ்ப்ரெட்.

சரி, அவருடைய ஆர்டருக்கு வருவோம். ஆஸ்க் பத்தியில் அப்போது 102 விலையில் இருந்தது 50 பங்குகள்தான். அடுத்து 104இல் 100, அதற்கும் மேலே 109இல் 350. மார்க்கெட் ஆர்டர் விலை பார்க்காது. அடுக்கடுக்காக ஏறி மூன்றையும் துடைத்து எடுத்துவிட்டது. மொத்தம் 53,650, சராசரி 107.30. அந்த நேரத்தில் பிட் 97. முதல் 50 பங்குகளை மட்டும் வாங்கி உடனே விற்றிருந்தால்கூடப் பங்குக்கு 5 போயிருக்கும். தரகும் வரியும் தனி.

பெரிய பங்குகளில் ஸ்ப்ரெட் பெரும்பாலும் மிகச் சிறியதுதான், கண்ணிலேயே படாது. ஆனால் அங்கேயும் பத்தி காலியாகலாம். 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தை திடீரென்று சரிந்தபோது, சுமார் 40 டாலரில் இருந்த அக்சென்ச்சர் பங்கு சில நொடிகளுக்கு ஒரு சென்டுக்குக் கைமாறியது. நிஜமாக வாங்குவோர் விலகிவிட்டார்கள். பெயருக்குப் போட்டு வைத்திருந்த ஒரு சென்ட் பிட் மட்டும்தான் மிச்சம். வந்த விற்பனை ஆர்டர்கள் அதில் போய் விழுந்தன. மிக விலகிய விலையில் நடந்த வியாபாரங்களைப் பிறகு ரத்து செய்தார்கள். எப்போதும் அப்படி ரத்தாகும் என்று நம்பி உட்காராதீர்கள்.

'விலை இவ்வளவு இறங்கினால் விற்றுவிடு' என்று ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டவர்களுக்கும் இதே ஆபத்துதான். விலை வரம்பு வைக்காத ஸ்டாப் லாஸ், குறித்த விலை வந்ததும் மார்க்கெட் ஆர்டராகிவிடும். அப்போது என்ன பிட் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும்.

அதனால் நான் சொல்வது லிமிட் ஆர்டர். 'இதற்கு மேல் தரமாட்டேன்' என்று அதில் வரம்பு வைக்கலாம். ஆனால் பங்கு கிடைக்கும் என்ற உத்தரவாதம் போய்விடும். பத்தியில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்: நல்ல விலை போட்டவருக்கு முதலிடம், ஒரே விலையென்றால் முதலில் வந்தவருக்கு.

அவரும் அடுத்த மாதம் அதே பங்கில் 300 பங்குகளுக்கு 103 என்று லிமிட் ஆர்டர் போட்டார். 80 கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் போன்.

"பிட் பத்தியில மேல 103, 220னு ஒருத்தர் நிக்கிறாரே, யாரு சார் அது?"

"நீங்கதான் சார்."