இருப்பு என்றால் குடோன் கணக்கு

பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வி.ஆர். எனும் மெய்நிகர்க் காட்சிக் கண்ணாடி மாட்டி, ரிங் பிரேம் என்ற நூற்கும் மெஷினில் அறுந்த நூலை ஒட்டப் பழக்கினார்கள். முடிந்ததும் ஒரு படிவம். முதல் கேள்வி: ‘மெய்நிகர் சூழலில் உங்கள் இருப்பு எந்த அளவு? 1 முதல் 7 வரை.’

ஓர் அக்கா என்னிடம், “இருப்புன்னா ஸ்டாக்குங்களா? அது குடோன்காரங்களுக்குத்தானுங்க தெரியும்” என்றார். அப்புறம் 2-ஐச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார்.

கண்ணாடியோடு இருந்தபோது அதே அக்கா, இல்லாத மெஷினை நெருங்குகையில் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். எதிரே வெறும் சுவர்தான். இல்லாத இடத்தில் இருப்பதாகவே தோன்றும் இந்த உணர்வைத்தான் ஆங்கிலத்தில் பிரசென்ஸ் என்கிறார்கள். படிவத்தில் அதுதான் ‘இருப்பு’ ஆகியிருந்தது. அவருடைய உடம்பே 6 என்றது, தாளில் 2 விழுந்தது. ஒரு சொல் கோணினால் அளவே கோணிவிடுகிறது.

பிரசென்ஸ், லத்தீனில் ‘முன்’னும் ‘இரு’வும் சேர்ந்த சொல். 1980இல் செயற்கை நுண்ணறிவு அறிஞர் மார்வின் மின்ஸ்கி, தொலைவிலுள்ள இடத்தில் இருப்பதாகவே உணர்ந்து வேலை செய்யும் டெலிபிரசென்ஸ் பற்றி எழுதினார். 1998இல் விட்மரும் சிங்கரும் பிரசென்ஸை அளக்க 7 படிகள் கொண்ட கேள்வித்தாளை வெளியிட்டார்கள்.

‘இருப்பு’ நல்ல தமிழ்ச்சொல்லாயிற்றே என்பார்கள். சரி, நல்ல தமிழ்தான். ஆனால் ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் இருப்பு என்றால் மிச்சமுள்ள சரக்கு. வங்கியில் மிச்சமுள்ள பணம். தத்துவம் படித்தவர்களுக்கு, ஒன்று உண்டா இல்லையா என்ற கேள்வி. எங்கே இருப்பதாகத் தோன்றுகிறது என்பது இவற்றில் எதிலும் வரவில்லை. பிரசென்ஸுக்கு உயிரே அந்த ‘எங்கே’தான்.

‘முன்னிலை’ லத்தீனோடு அழகாகப் பொருந்துகிறது. என்றாலும் ‘கலெக்டர் முன்னிலையில்’ என்று கேட்டுப் பழகிய காது, வேறு யாரோ எதிரில் நிற்பதாகவே கொள்ளும். ‘பிரசன்னம்’ வேண்டவே வேண்டாம். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகக் கோயிலிலும் சோழி உருட்டுமிடத்திலும் புழங்கும் வடசொல்லை இங்கே இழுக்கலாமா? ‘மூழ்குதல்’ இம்மர்ஷனுக்கு உரியது. வி.ஆர். ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் இரண்டையும் பிரித்தே சொல்கிறார்: இம்மர்ஷன் கருவியின் தரம், பிரசென்ஸ் மாட்டிக்கொண்டவரின் உணர்வு.

என் பரிந்துரை ‘அங்கிருக்கும் உணர்வு’. கலைச்சொல் ஒற்றைச் சொல்லாகத்தான் வேண்டுமென்றால் ‘அங்கிருப்புணர்வு’ என்று எழுதிக்கொள்ளட்டும், ஆய்வுக் கட்டுரைக்கு அது போதும். படிவத்தில் அதுவும் கூடாது. ஆங்கிலக் கேள்வித்தாள்களிலேயே பலவும் ‘அங்கே இருப்பது போன்ற உணர்வு’ இருந்ததா என்றுதான் கேட்கின்றன. நாமும் ‘மெஷின் பக்கத்திலேயே நிற்பது போல இருந்ததா?’ என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அதே படிவத்தில் தலைசுற்றல், குமட்டல் பற்றிய பகுதியும் உண்டு. 1993இல் கென்னடி குழுவினர் 16 அறிகுறிகளோடு தந்த பட்டியலின் தமிழாக்கம் அது. அதில் ‘வயிற்று விழிப்புணர்வு’ என்று ஒரு வரி! ஆங்கிலத்தில் ‘ஸ்டமக் அவேர்னஸ்’ எனப்படும், குமட்டலுக்குச் சற்று முந்தைய சங்கடத்துக்கு அகராதியிலிருந்து பெயர்த்துப் போட்ட பெயர். ‘வயிறு ஒரு மாதிரி இருக்கிறதா?’ என்று இருந்தால் யாருக்கும் விளங்கியிருக்கும். மொழிபெயர்த்தவர் அந்த அக்காவிடம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தால் இரண்டு கேள்வியும் அன்றைக்கே திருந்தியிருக்கும்.