பாக்ஸிங் பட்டப் போட்டிக்கு மறுபடியும் 15 ரவுண்டு வேண்டுமா?

வியாசர்பாடி, காசிமேடு, ராயபுரம் பக்கம் பாக்ஸிங் பேச்சு எழுந்தாலே பெரியவர் ஒருவர் கட்டாயம் கேட்பார்: “அந்தக் காலத்துல 15 ரவுண்டு. இப்ப 12லயே முடிச்சுடறாங்க, இதெல்லாம் ஒரு சாம்பியன்ஷிப்பா?” பழைய சண்டைகளை யூடியூபில் பார்க்கும் பையன்களும் இப்போது அதையே கேட்கிறார்கள். ரிங் ஓரத்தில் உட்காரும் மருத்துவர் சொல்லக்கூடிய பதில்: வேண்டாம்.

கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1952ல் ராக்கி மார்சியானோ புள்ளிக் கணக்கில் பின்தங்கியிருந்து, 13வது ரவுண்டில் ஜெர்சி ஜோ வால்காட்டைச் சாய்த்துத்தான் ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தார். 1981ல் ஷுகர் ரே லெனார்ட் தாமஸ் ஹெர்ன்ஸை மடக்கியது 14வதில். இரண்டும் 12 ரவுண்டு சண்டையாக இருந்திருந்தால் பட்டம் மற்றவருக்குப் போயிருக்கும். கடைசி ரவுண்டுகளில் ஒருவனுடைய நெஞ்சுரம் தெரியும் என்பதும் உண்மை.

அடுத்த ஆண்டே, 1982 நவம்பர் 13ஆம் தேதி, லாஸ் வேகாஸில் இன்னொரு 14வது ரவுண்டு வந்தது. கொரியாவின் கிம் டுக் கூ லைட்வெயிட் எல்லையான 135 பவுண்டுக்குள், அதாவது சுமார் 61 கிலோவுக்குள், வருவதற்கே படாதபாடு பட்டவர். ரே மான்சினிக்கு எதிராக 13 ரவுண்டு நின்று ஆடினார். 14வது தொடங்கிய சில நொடிகளில் விழுந்தார். மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு. அறுவை சிகிச்சை செய்தும் சில நாளில் இறந்துபோனார். டிசம்பரிலேயே, பட்டப் போட்டிகளை நடத்தும் உலக அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. 12 ரவுண்டுக்கு மாறுவதாக அறிவித்தது. மற்ற அமைப்புகளும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மாறின.

“டிவிக்காக குறைச்சாங்க” என்பார்கள். 15 ரவுண்டு என்றால் இடைவேளையோடு 59 நிமிடம், 12 என்றால் 47. ஒரு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரத்தோடு அடங்கும். டிவிக்கு வசதியாக இருந்திருக்கலாம். அதனால் மருத்துவக் காரணம் பொய்யாகிவிடாது.

தாடையின் பக்கவாட்டில் குத்து விழும்போது தலை வெடுக்கென்று திரும்புகிறது. மண்டை ஓடு திரும்பும் வேகத்துக்கு மூளை திரும்பாது. மூளையின் மேற்பரப்பிலிருந்து உறைக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அந்த இழுப்பில் கிழியும். முதல் ரவுண்டில் குத்து வருவதைக் கண் பார்க்கும், கழுத்து இறுகும், கால் ஒரு அடி பின்வாங்கும். பாதி வேகம் வீணாகிவிடும். உடம்பு ஓய்ந்த பிறகு கழுத்து தளர்ந்து, முகத்தைக் காக்கும் கைகள் (கார்டு) இறங்கி, கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். எதிராளியின் கைவேகமும் குறைந்துதான் இருக்கும், ஆனால் தடுப்பு அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கும். கூடுதலாகக் கேட்கும் மூன்று ரவுண்டும் வந்து சேரும் இடம் இதுதான்.

12 ரவுண்டு பத்திரம் என்றும் அர்த்தமில்லை. 2019 ஜூலையில் ரஷ்ய வீரர் மாக்சிம் தாதாஷேவின் சண்டையை 11வது ரவுண்டு முடிந்ததும் அவருடைய பயிற்சியாளரே நிறுத்தினார். அப்படியும் உயிர் பிழைக்கவில்லை. ஆகவே எண்ணிக்கையைவிட முக்கியம், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவது.

ரவுண்டுகளுக்கு இடையே பையன் வந்து உட்காரும் மூலையில், அதாவது கார்னரில், பயிற்சியாளருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். தண்ணீர் கொடுப்பதற்கு முன், பையன் எப்படி நடந்து வருகிறான் என்று பாருங்கள். நேராக நம் மூலைக்கு வருகிறானா, ஸ்டூலைத் தேடுகிறானா? உட்கார்ந்ததும் “எத்தனாவது ரவுண்டுடா?” என்று கேளுங்கள். பதில் தாமதமானாலோ, கேள்வியையே திருப்பிச் சொன்னாலோ அது களைப்பு மட்டும் அல்ல. இரண்டு கண்மணியும் ஒரே அளவா என்று பாருங்கள். ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) போட்ட கை தாடைக்குத் திரும்பாமல் மார்பிலேயே நிற்பதை முந்தைய ரவுண்டில் கவனித்திருக்க வேண்டும். இவற்றில் இரண்டு சேர்ந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள், அல்லது துண்டை ரிங்குக்குள் எறிந்து சண்டையை நிறுத்துங்கள். “இன்னும் ஒரு ரவுண்டுதானே” என்று வாத்தியார் நினைக்கிற நேரம்தான் மிக மோசமான நேரம்.

நம் பையன்கள் ஆடுவது பெரும்பாலும் மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு அமெச்சூர் போட்டி. அவர்கள் தலைக்கு அடி சேருவது ஸ்பாரிங்கில், அதாவது கூடத்தில் ஒருவரோடொருவர் ஆடும் பயிற்சிச் சண்டையில். வாரம் மூன்று நாள், நாளுக்கு ஆறு ரவுண்டு என்றால் 18; அதாவது ஒன்றரை உலகப் பட்டப் போட்டி. அதையும் முழு பலத்தில் அடிக்க விட்டால், ரவுண்டு எண்ணிக்கை பற்றிய விவாதத்தை லாஸ் வேகாஸில் தேட வேண்டியதில்லை, நம் பயிற்சிக்கூடத்திலேயே நடத்தலாம். தலைக்கு அடி வாங்கும் ஸ்பாரிங் வாரத்தில் ஒரு நாள் போதும். மற்ற நாளில் உடம்புக்கு மட்டும் குத்து, அல்லது பாதி வேகம். ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ். ஹெட்கார்டு புருவக் கிழிசலைத் தடுக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது.

இன்னொரு ஆபத்து எடைக் குறைப்பு. மே மாத வெயிலில் ரெயின்கோட் போட்டு ஓடவிடுவது, முதல் நாள் தண்ணீரை நிறுத்துவது, எச்சில் துப்பவைப்பது எல்லாம் இன்றும் நடக்கிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் போனது கொழுப்பு இல்லை, ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும், உப்பும் சேர்த்து. உப்பு போட்ட கஞ்சித் தண்ணீர், மோர் நல்லது. தண்ணீரை வற்றவைத்தால்தான் எடைக்குள் வருகிறான் என்றால் அவன் மேல் பிரிவில் ஆட வேண்டியவன்.

அடி பட்ட இரவு பையனைத் தனியாகத் தூங்க விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். ரத்தம் மெதுவாகக் கசிந்தால் சில மணி நேரம் நன்றாகப் பேசிச் சிரித்துக்கொண்டே இருப்பான். தலைவலி ஏறிக்கொண்டே போவது, வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, கை கால் இழுப்பது: இதில் ஒன்று வந்தாலும் 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேனும் நரம்பியல் அறுவை சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வடசென்னைக்கு ஸ்டான்லி பக்கத்திலேயே இருக்கிறது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள், கசிவைக் கூட்டும். ஸ்கேன் சரியாக இருந்தாலும், நாக் அவுட் ஆனவனுக்குக் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கும் கிடையாது. நினைவு தப்பியிருந்தால் அதைவிட அதிகம். மறுபடி கிளவுஸ் மாட்டும் முன் டாக்டரின் எழுத்து வேண்டும்.